"மெலிஞ்சிட்டீங்களே டீச்சர்" என்று துக்கம் விசாரித்தவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், இன்னொரு பத்து நிமிஷம் உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நாரணாபுரத்தில் நம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. மண்டபத்துக்குள் காலை வைத்து அரை மணி நேரத்துக்குள் ஏழு பேர் என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டார்கள். "என்ன மதினி, இப்படி உருக்குலைஞ்சு போயிட்டீங்க?" "டீச்சர், சுகரா?" "யக்கா, மகன் வீட்ல சரியா கவனிக்கலையா?" ஒரு அம்மா என் மருமகளைத் தூண் மறைவுக்குக் கூட்டிப்போய், "பெரிய வியாதி ஏதும் இல்லையே, மறைக்காமச் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். பாவம், அவள் முகம் செத்துப்போய் வந்தாள்.

விஷயம் இதுதான். பதினான்கு மாதத்தில் 81 கிலோவிலிருந்து 70 கிலோவுக்கு வந்திருக்கிறேன். என் உயரம் 155 செ.மீ. இந்த உயரத்துக்கு 70 கிலோ என்பது இன்னும் அதிகம்தான். கணக்குப்படி நான் இப்போதும் குண்டுதான். அதற்கே இந்தத் துக்கம்.

அதே மண்டபத்தில் காது குத்தின பிள்ளையின் அப்பா, என் பழைய மாணவன், வயது 36, சட்டைப் பொத்தான் தெறிக்கிற தொப்பையோடு பந்தி விசாரித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து எல்லோரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? "கல்யாணத்துக்கு அப்புறம் பய நல்லா தெளிஞ்சிட்டான்." அவனுக்குப் பாராட்டு, எனக்கு இரங்கல். வீட்டுக்கு வந்ததும் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன். மூன்று நாள் ஆகிவிட்டது.

என் தம்பியை உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது யக்கா, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்" என்றான். ஆப்செட் மெஷினில் முப்பது வருஷம் நின்றவன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வந்துவிட்டால் மார்கழி வரை அவனுக்கு ராத்திரி பகல் கிடையாது. நடுராத்திரி பசிக்கு நாலு எண்ணெய்ப் பரோட்டா, சால்னா, விடியற்காலை டீயோடு காராச்சேவு. 168 செ.மீ. உயரத்தில் 96 கிலோ இருந்தான். "ஆளு ஜம்முனு இருக்காரு" என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன்.

41 வயதில் பிபி வந்தது. 44ல் சுகர். 53ல் கால் வீங்கியது. சிறுநீரில் நுரை நுரையாகப் போகிறது என்றான், "சூடு"தான் என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தோம். மதுரைக்குக் கூட்டிப்போனபோது இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசிக்கு மேல் போயிருந்தது. இப்போது வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ஊசி குத்திய கையை நீட்டிக்கொண்டு டயாலிசிஸ் மெஷினோடு படுத்திருக்கிறான்.

செய்தி தெரிந்ததும் நம் சொந்தம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி, "தண்ணி அடிச்சிருப்பான், வெளியில தெரியாம." என் தம்பி ஒரு சொட்டுத் தொட்டதில்லை. இன்னொரு கட்சி, "தண்ணி குடிக்காம நின்னு வேலை பார்த்திருப்பான்." ஆக, தண்ணி அதிகமானதால் போனதா, தண்ணி குறைந்ததால் போனதா என்று பட்டிமன்றம் நடந்ததே ஒழிய, அவன் வயிற்றைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை. இருபது வருஷமாகக் கண் முன்னால் வளர்ந்த தொப்பை யார் கண்ணிலும் படவில்லை. படாது. ஏனென்றால் அதை நாம் வியாதியாகப் பார்க்கவில்லை, வசதியாகப் பார்த்தோம்.

எடைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஐந்தாம் வகுப்புக்குச் சொல்கிற மாதிரிச் சொல்கிறேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் சின்னச் சின்ன வடிகட்டிகள் இருக்கின்றன. நெஃப்ரான் என்று பெயர். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டி, வேண்டியதைத் திரும்ப ரத்தத்துக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியே தள்ளுகின்றன. இந்த வடிகட்டிகள் தாயின் வயிற்றிலேயே உண்டாகி முடிந்துவிடுகின்றன. பிறந்த பிறகு ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. உடம்பு 60 கிலோவிலிருந்து 96 கிலோ ஆனாலும் வடிகட்டி அதே எண்ணிக்கைதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்தது ஈராசிரியர் பள்ளி. கூட இருந்தவர் மாறுதலாகிப் போனார். அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு இருந்த நான், எண்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்தேன். முதல் மாதம் எல்லோரும், "டீச்சர் எவ்வளவு சுறுசுறுப்பு" என்றார்கள். நானும் கத்தினேன், ஓடினேன், சமாளித்தேன். மூன்றாம் மாதம் தொண்டை கட்டிக் குரலே போய்விட்டது.

வடிகட்டிக்கு நடப்பதும் இதுதான். எடை ஏறினால் ஒவ்வொரு வடிகட்டியும் தன் பங்குக்கு மேல் வேலை பார்க்கிறது. வேலை பார்க்கப் பார்க்க அது வீங்குகிறது. வீங்கும்போது சல்லடைக் கண் இழுபட்டு விரிகிறது. உள்ளேயே இருக்க வேண்டிய புரதம் அதன் வழியாகச் சிறுநீரில் ஒழுகுகிறது. அந்த நுரையைத்தான் நாங்கள் "சூடு" என்றோம். கடைசியில் அந்த வடிகட்டி தழும்பாகி மூடிக்கொள்கிறது. அதன் வேலையும் மிச்சம் இருப்பவற்றின் தலையில் விழுகிறது. சுகர், பிபி எதுவும் இல்லாதவருக்கே, எடை மட்டும் அதிகமாக இருந்து இப்படி நடப்பதுண்டு. சுகரும் பிபியும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டாம். அந்த இரண்டையும் அழைத்து வருவதும் பெரும்பாலும் இந்தத் தொப்பைதான். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இன்சுலினை வேலை செய்ய விடுவதில்லை. ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது.

2017 மார்ச்சில் வந்த உலகச் சிறுநீரக தினத்துக்கு வைத்த தலைப்பே சிறுநீரக நோயும் உடல் பருமனும் என்பதுதான். அப்போது நான் வேலையில் இருந்தேன். சுகாதார தினங்களுக்கெல்லாம் பிரேயரில் இரண்டு வரி பேசுவேன். அன்றைக்கும் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று பேசிவிட்டு இறங்கினேன். எடை என்ற சொல் என் வாயில் வரவில்லை.

பழைய கதை ஒன்றும் சொல்ல வேண்டும். நான் 1985ல் வேலைக்குச் சேர்ந்தபோது வகுப்பில் இருந்த பிள்ளைகளின் விலா எலும்பை எண்ணலாம். ராத்திரி தீப்பெட்டி ஒட்டிவிட்டுக் காலையில் பசை காய்ந்த விரலோடு வந்து உட்காருவார்கள். பதினோரு மணிக்கு மயங்கி விழும் பிள்ளைக்குச் சத்துணவு அமைப்பாளரிடம் சொல்லி முதல் சோறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளை சாப்பிட்டால்தான் படிக்கும் என்று மதிய உணவைக் கொண்டுவந்த காமராஜர் பிறந்த மாவட்டம் இது. அந்தப் பசியைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். அதனால்தான் கன்னம் உப்பிய பிள்ளையைக் கண்டால் நமக்கு நெஞ்சு குளிர்கிறது. நம் பாட்டிமார் "புஷ்டியா இருக்கான்" என்று திருஷ்டி கழித்ததில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயம் தீர்ந்துபோய் இருபது வருஷமாகிறது. நாம் மட்டும் இன்னும் திருஷ்டி கழித்துக்கொண்டிருக்கிறோம்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? 2015-16ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடை. 2019-21ல் அது 40.4 சதவீதம். ஆண்கள் 28.2லிருந்து 37. பத்துப் பெண்களில் நான்கு பேர். காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தால் இந்தக் கணக்கு கம்மியோ என்று தோன்றியது.

பசிக்கும் இதற்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. வயிற்றில் சரியாக வளராமல் எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைக்கு இந்த வடிகட்டிகளே எண்ணிக்கையில் குறைவாக இருக்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். என் தம்பி 1967ல், ஊரெல்லாம் அரிசிக்கு அல்லாடிய நேரத்தில் பிறந்தவன். முறத்தில் வைத்தால் முறம் நிறையாது என்று அம்மா சொல்லும். அப்படிப் பிறந்தவனுக்கு முதலே கம்மி. அதன் தலையில் 96 கிலோவை ஏற்றிவைத்தோம். பசியில் பிறந்து வசதியில் பருத்த தலைமுறைக்கு இரண்டு பக்கமும் அடி. உங்களில் ஐம்பது தாண்டியவர்கள் இதைத் திரும்ப ஒருமுறை படியுங்கள்.

இனி என் கதை. தம்பிக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்றார்கள். இருவருக்கும் ஒரே ரத்தப் பிரிவு. நான் கொடுக்கிறேன் என்றேன். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளபடிக்கே அன்றைக்கு ராத்திரி சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பையில் துணி எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். பரிசோதனை எல்லாம் முடிந்து மருத்துவர் கூப்பிட்டார். என் எடை 81. பிபி இருக்கிறது, எனக்கே தெரியாமல். சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது. "அம்மா, உங்களிடம் இருப்பதே உங்களுக்குப் போதுமா என்று பார்க்க வேண்டிய நிலைமை. ஒன்றை எடுத்தால் அடுத்த கட்டிலில் நீங்கள் படுப்பீர்கள்" என்றார்.

தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் போய் என்ன சொல்ல? முப்பத்தேழு வருஷம் மற்ற பிள்ளைகளுக்கு உடலைப் பேணுங்கள் என்று பாடம் எடுத்தவள், தன் தம்பிக்கு ஒரு உறுப்பு கொடுக்க லாயக்கில்லாமல் நின்றேன். "பரவாயில்ல யக்கா, உனக்கு முன்னாடியே தெரிஞ்சதே, அதுவே லாபம்" என்று அவன்தான் எனக்குச் சமாதானம் சொன்னான். அன்றைக்கு மத்தியானம் மதுரை பஸ் ஸ்டாண்டில் நான் டீக்குச் சீனி போடாமல் வாங்கினேன். அங்கே ஆரம்பித்ததுதான் இந்தப் பதினொரு கிலோ. எனக்கு வியாதி வந்து மெலியவில்லை. வியாதி வராமலிருக்க மெலிகிறேன்.

இப்போது நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப் டாக்டர்களுக்குச் சில வார்த்தை.

"பிபி மாத்திரை, சுகர் மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்று மாதம் ஒரு முறை யாராவது அனுப்புகிறீர்கள். என் தம்பி அப்படி ஒன்றைப் படித்துவிட்டு எட்டு மாதம் மாத்திரையை நிறுத்தியவன். கட்டுக்குள் இல்லாத பிபியும் சுகரும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. பிபி மாத்திரைகளில் சில வகை, ஒழுகும் புரதத்தைக் குறைப்பதற்கென்றே கொடுக்கப்படுகின்றன. அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. ஃபார்வர்டு செய்கிறவர் வேலை இல்லை. அடுத்த முறை அனுப்புகிறவர் வீட்டுக்கு நேரில் வருவேன்.

சிறுநீரகத்தைக் கெடுக்கும் மாத்திரை வேறு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. எடை கூடினால் முழங்கால் வலி. பட்டாசு ஆலையில் காலை மடக்கி உட்கார்ந்து திரி சொருகும் நம் பெண்களுக்கு மூட்டும் போகிறது, இடுப்பும் போகிறது. லீவு போட்டால் கூலி இல்லை. மெடிக்கலில் சொல்லி பத்து ரூபாய்க்கு ஒரு செட் மாத்திரை. அதில் டைக்ளோஃபினாக் மாதிரி ஒன்று இருக்கும். வலி ஓடிவிடும். தினம் அதையே போட்டுக்கொண்டு, ஷெட்டுக் கழிவறைக்குப் பயந்து தண்ணீரும் குடிக்காமல் வெயிலில் உட்கார்ந்தால், அதுதான் சிறுநீரகத்துக்கு விஷம். எடை, மூட்டுவலி, மாத்திரை, சிறுநீரகம் என்று சங்கிலி மாதிரிக் கோத்து வருகிறது. இந்தச் சங்கிலியில் அந்தப் பெண்ணின் தப்பு எவ்வளவு, சுத்தமான கழிவறை கட்டித்தராத முதலாளியின் தப்பு எவ்வளவு என்று நான் கேட்பேன். என் மாணவர்களில் இன்று ஆலை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

பாசத்தோடு ஒருவர் தம்பிக்கு இளநீரும் ஆரஞ்சுப் பழமும் வாங்கி வந்தார். "இயற்கையானது, குளிர்ச்சி" என்றார். டயாலிசிஸில் இருப்பவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தக்கூடும். நல்லவேளை, நர்ஸம்மா பார்த்துவிட்டார். நோயாளியைப் பார்க்க வருபவர்கள் வெறுங்கையோடு வாருங்கள். கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போங்கள், அது போதும்.

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாதா?

"ஒல்லியா இருக்கிறவனுக்கும் கிட்னி போகுதே டீச்சர்?" போகிறது. பரம்பரை, கல், வெயில், வலி மாத்திரை என்று காரணம் பல. குண்டாக இருக்கிற எல்லோருக்கும் போகும் என்றும் நான் சொல்லவில்லை. ஹெல்மெட் போட்டவனும் சாகிறான், அதற்காகக் கழற்றி வைக்கிறோமா?

"எங்க தாத்தா நெய்யும் கறியும் தின்னு தொண்ணூறு வருஷம் வாழ்ந்தாரு." வாழ்ந்தார். அவர் விடியுமுன் காட்டுக்கு நடந்து, பொழுது சாய நடந்து வந்தவர். நீ தெருமுனைக் கடைக்கு பைக்கில் போகிறாய்.

"கிரியாட்டினின் பார்த்தேன், நார்மல்." நல்லது. ஆனால் சிறுநீரகத்தின் பாதி வேலை போகும் வரைக்கும்கூட அந்த எண் சரியென்றே காட்டக்கூடும். சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் முன்கூட்டிக் காட்டும்.

"இப்ப ஊசி வந்திருக்காமே?" வந்திருக்கிறது. சிலருக்குப் பலன் இருக்கிறது. விலையும் இருக்கிறது. மருத்துவர் பார்த்துச் சொன்னால் போட்டுக்கொள். யூடியூப் பார்த்துப் பவுடர் கரைத்துக் குடிக்காதே. ஜிம்முக்குப் போகும் பேரன்மாரே, டப்பா டப்பாவாகப் புரதப் பவுடர் வாங்குமுன் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இதை எல்லாம் படித்துவிட்டு, நாளைக்கே யாரையாவது "ஏ குண்டு, டீச்சர் என்ன எழுதியிருக்காங்க பாத்தியா" என்று கேலி செய்யக் கிளம்பினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்தப் பாவத்தை நானே செய்திருக்கிறேன். ஒரு வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பெண் பிள்ளைகள். அடையாளத்துக்காக ஒருத்தியை வருகைப் பதிவு எடுக்கும்போது "குண்டு" சேர்த்துக் கூப்பிட்டேன், ஒரு வருஷம் முழுக்க. அவள் பேர் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கிறாள் என்று தெரியும். கண்ணு, டீச்சரை மன்னிச்சிரு. அவமானப்படுத்தி யாரையும் மெலிய வைக்க முடியாது. அவமானப்பட்ட பிள்ளை மருத்துவமனைக்குப் போகவே கூசும். அதனால் யாரையும் குண்டென்று சொல்ல வேண்டாம், யாரையும் "தெளிஞ்சிட்ட" என்று புகழவும் வேண்டாம். உடம்பைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டு, "பிபி பார்த்தியா, யூரின் டெஸ்ட் எடுத்தியா" என்று கேட்டுப் பழகுவோம்.

டீச்சர் பதிவென்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் முடியுமா?

ஒன்று. தையல் டேப்பை எடுத்துத் தொப்புள் உயரத்தில் சுற்றி அளந்து பாருங்கள். பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள், ஆம்பளைகள் அதைத் தொப்பைக்குக் கீழே அல்லவா போடுகிறீர்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை.

இரண்டு. எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு முறை வகுங்கள். நம்மவர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் பருமன்.

மூன்று. முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் இந்த மாதம் பிபி, சுகர், சிறுநீரில் புரதம் மூன்றும் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லம்மா" என்று அவர்களை வாசலோடு அனுப்பாதீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் அனுப்பினோம்.

நான்கு. செட் மாத்திரையை நிறுத்துங்கள். மூட்டுவலிக்கு மருத்துவரைப் பாருங்கள்.

ஐந்து. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு டீஸ்பூன் உப்புக்கு மேல் போகாமல் பாருங்கள். காராச்சேவு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. விசேஷத்துக்குப் பரோட்டா சாப்பிடுங்கள், நான் மறிக்கவில்லை. வாரம் நாலு நாள் விசேஷம் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. எடை குறைந்த பிறகு போன மாதம் மறுபடி அதே மருத்துவரிடம் போனேன். இப்போதாவது கொடுக்கலாமா என்று கேட்டேன். புரத ஒழுக்கு நன்றாகக் குறைந்திருக்கிறது என்று ரிப்போர்ட்டைக் காட்டினார். ஆனால் பிபிக்கு இரண்டு மாத்திரை போடுகிறேன், வயதும் ஆகிவிட்டது, கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். தம்பி இறந்தவர் தானம் செய்யும் உறுப்புக்காகப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறான். பதினைந்து வருஷம் முன்னால் யாராவது அவனைப் பார்த்து "ஜம்முனு இருக்கே" என்று சொல்லாமல் "வயிறு ஏறுதே, ஒரு டெஸ்ட் எடு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான்.

அடுத்த விசேஷத்தில் என்னைப் பார்த்தால் மெலிந்துவிட்டேன் என்று வருத்தப்படாதீர்கள். "டீச்சர், டெஸ்ட் எடுத்துட்டேன்" என்று சொல்லுங்கள். எடுத்தவர்கள் கீழே கமெண்டில் "ஆஜர்" என்று போடுங்கள். வருகைப் பதிவு எடுக்கிறேன். இந்த முறை எல்லோரையும் அவரவர் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.